ரிவர்ஸ் கியரில் உழுதவர்

எனக்கு எழுபத்தாறு வயது. பெற்றது நாலு, வளர்த்தது ஏழு. கூடுதல் மூன்றும் என் நாத்தனார் பிள்ளைகள். அவள் போன பிறகு என் அடுப்படிக்கு வந்தார்கள், என் சோற்றில் ஆளானார்கள். ஏழில் ஒன்றுகூடச் சோடை போகவில்லை. இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன். ஏழு பிள்ளைகளையும் ஒரு முறைப்பில் உட்கார வைத்தவள் நான். அப்படிப்பட்டவளால் ஒரு மெக்கானிக்கை நாலு நட்டு கழற்ற வைக்க முடியவில்லை. இன்னும் எனக்கு அந்த ஆத்திரம் அடங்கவில்லை.

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. கையெழுத்துப் போடுவேன், பஸ்ஸில் ஊர்ப் பெயரை எழுத்துக் கூட்டிப் படிப்பேன். அதனால் நான் சொல்லச் சொல்ல என் பேத்தி கயல் எழுதுகிறாள். மெக்கானிக்கின் பெயரை எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவர் சம்சாரம் இருக்கிறார், பிள்ளை இருக்கிறான். எங்கள் மேலூர்ப் பக்கத்து வாழைக்காரர்கள் யாருமே அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மெக்கானிக்கு என்றால் அவர்தான்.

கொள்ளிடக் கரைக்கு இறங்குகிற சாலையில் அவர் பட்டறை. குள்ளமான மனிதர், கழுத்து என்று ஒன்று தனியாகத் தெரியாது. கண்ணாடியை நூல் போட்டுக் காதில் கட்டியிருப்பார். பேச்சு குறைவு. வேலை சுத்தமாக இருக்கும், அதை நான் எங்கேயும் மாற்றிச் சொல்ல மாட்டேன். ஒரு நட்டை முடுக்கினால் கட்டை விரலால் இரண்டு தரம் தடவிப் பார்ப்பார். பிறகு சின்ன டப்பாவிலிருந்து ஒரு துளி சிவப்புப் பெயிண்டைத் தொட்டு அதன் மேல் வைப்பார். "பொட்டு வச்சாச்சுக்கா" என்பார். அவ்வளவுதான். பொட்டு வைத்ததை அவர் திரும்பக் கழற்ற மாட்டார். உடைந்தால், தேய்ந்தால் கழற்றுவார். தான் தப்பாக வைத்ததற்காக ஒரு தரம்கூடக் கழற்றியதில்லை.

முதன்முதலில் எனக்கு அது தெரிந்தது எங்கள் மோட்டார் கொட்டகையில். ஸ்டார்ட்டர் பெட்டி எரிந்துபோய்ப் புதுசு வாங்கி வைத்திருந்தோம். அவர் வந்து அதைச் சுவரில் மாட்டி, நாலு மூலையிலும் திருகி, பொட்டும் வைத்துவிட்டார். பார்த்தால் பச்சைப் பொத்தான் கீழே, சிவப்புப் பொத்தான் மேலே.

"தம்பி, பெட்டி தலைகீழா இருக்கு பாருங்க" என்றேன்.

தலையைச் சாய்த்து ஒரு பக்கம் பார்த்தார். மறு பக்கம் சாய்த்தும் பார்த்தார்.

"கரண்ட்டுக்கு மேல கீழ தெரியாதுக்கா."

"எனக்குத் தெரியுமே."

"நாலு நாள்ல கை பழகிரும்."

பழகித்தான் போயிற்று. இப்போது டவுனில் என் மூத்த மகன் வீட்டுக்குப் போனால் நேராக மாட்டியிருக்கிற மோட்டார் பெட்டியில் தப்புப் பொத்தானைத்தான் முதலில் அமுக்குகிறேன். அவர் செய்த தப்பு என் விரலுக்குள் வந்து குடியேறிவிட்டது.

ஊருக்கு மட்டும்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். ஒரு நாள் பட்டறைக்குப் போனபோது அவர் சம்சாரம் அங்கே பீரோவைத் திறந்து சேலை எடுத்துக்கொண்டிருந்தார். மேல் தட்டில் பட்டுச் சேலைகள், கீழ்த் தட்டில் ஸ்பேனர்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"என்னங்க இது, பீரோ பட்டறையில இருக்கு?"

"அதை ஏன் கேக்கறீங்க. வீட்டு வாசலுக்குக் கிரில் கேட்டை அவரே செஞ்சு மாட்டினாரு. மாட்டின பெறகு பார்த்தா பீரோ உள்ள போகலை. கேட்டைக் கழட்டுங்க, அரை மணி நேரம்னேன். பீரோ எங்க இருந்தா என்ன, துணி உள்ள இருந்தா சரிங்கறாரு. ஒன்பது வருஷமா விசேஷத்துக்குப் போகணும்னா தெருவைத் தாண்டி வந்து சேலை எடுக்கறேன்."

"நீங்க சும்மாவா விட்டீங்க?"

"மாசம் ஒரு தரம் மாதா கோயிலுக்குப் போயி பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டு வராருங்க. அங்க சாமியாரு காதுல என்னத்தச் சொல்லுவாருன்னுதான் எனக்கு யோசனை. வீட்டுல அவரு ஒரு தப்பும் செஞ்சதா ஒத்துக்கிட்டதில்லை."

சொல்லிவிட்டுச் சிரித்தார். உள்ளே லேத்துக்குப் பக்கத்தில் நின்ற அவரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இதைச் சிரித்துக்கொண்டு சொல்ல முடியாது. அவருக்கு ஒரே பையன். பட்டறை வேலை வேண்டாம், கம்பெனி வேலைக்குப் போகிறேன் என்று சொன்னபோது அப்பனுக்கும் பிள்ளைக்கும் வாய் முற்றிவிட்டது. "இனிமே இந்தப் பட்டறைப் படி ஏறாத" என்று சொல்லிவிட்டார். பையன் திருப்பூர் போய் வேலையில் சேர்ந்தான், கல்யாணமும் செய்துகொண்டான். கல்யாணத்தை முன்னால் நின்று நடத்தியவர் அவர்தான். பேரக்குழந்தைக்கு ஞானஸ்நானம் என்று வீட்டில் பிரியாணி போட்டதும் அவர்தான். ஆனால் அந்த ஒரு வார்த்தையை மட்டும் எடுக்கவில்லை.

ஒரு கிறிஸ்துமஸ் சமயம் நான் என் கண்ணால் பார்த்தேன். பையன் பைக்கைச் சாலை ஓரத்தில் நிறுத்திவிட்டு வெயிலில் நிற்கிறான். இவர் பட்டறையிலிருந்து இரண்டு டீயை எடுத்துக்கொண்டு படி இறங்கிப் போகிறார். இரண்டு பேரும் பைக் மேல் கையை வைத்துக்கொண்டு நன்றாகச் சிரித்துப் பேசுகிறார்கள். லாரி வந்தால் ஒதுங்குகிறார்கள், மறுபடி பேசுகிறார்கள். டீ முடிந்ததும் கிளாஸை வாங்கிக்கொண்டு இவர் படி ஏறி வந்துவிட்டார்.

"உள்ள கூப்பிடறதுதானே தம்பி?" என்றேன்.

"வெளிய காத்து நல்லா இருக்குக்கா" என்றார்.

சாலைப் புழுதியில் என்ன காற்றோ.

இப்படிப்பட்டவரிடம்தான் என் டிராக்டரைக் கொண்டுபோய் விட்டேன். வேறு ஆள் இல்லையா என்று கேட்பீர்கள். அந்த வண்டியைத் தொட வேறு ஆள் இல்லை.

அது என் வீட்டுக்காரர் இருந்தபோது வாங்கிய குட்டி டிராக்டர். பெரிய டிராக்டருக்குப் பக்கத்தில் நிறுத்தினால் பசுவுக்குப் பக்கத்தில் கன்றுக்குட்டி நிற்கிற மாதிரி இருக்கும். எஞ்சினிலிருந்து கியர் பெட்டிக்கு பெல்ட்டில் ஓடுகிற வண்டி. முன்னால் போக மூன்று கியர், பின்னால் வர ஒன்று. எங்கள் முக்கால் ஏக்கர் மற்றவர்கள் வாழைக்கு நடுவில் இருக்கிறது. போக வர ஒரு வரப்பு அகலம்தான் பாதை. இரண்டு பக்கமும் அடுத்தவர் தார் தொங்கும். பெரிய டிராக்டர் நுழைந்தால் தாருக்குப் பதில் சொல்ல வேண்டும். மாடு வைத்திருந்தவர்கள் எல்லாம் மணப்பாறைச் சந்தைக்கு ஓட்டிவிட்டு வருஷங்களாயிற்று. அந்தக் குட்டி வண்டி இருந்தால் உழவு, இல்லாவிட்டால் தரிசு.

அதன் எஞ்சின் செத்துவிட்டது. இரண்டு தரம் சிலிண்டரைக் கடைந்து போர் அடித்தாயிற்று. மூன்றாம் தரம் அடிக்க உள்ளே இரும்பு இல்லை என்றார் மெக்கானிக். டீசலைவிட எண்ணெயை அதிகம் குடித்தது. ஓட்டுகிறது என் சின்ன மருமகள், அவள் புருஷன் சிங்கப்பூரில் இருக்கிறான். அவள் வண்டியை எடுத்தால் ஊதுகிற புகையில் தோட்டத்துக் கொசு எல்லாம் பக்கத்துத் தோட்டத்துக்குப் போய்விடும்.

பங்குனி மாசத்தில் மூத்தவன் வந்தான். அவனுக்கு பேங்கில் வேலை. நிலம் எங்களுடையது இல்லை, குத்தகை. நிலக்காரர் சென்னையில் இருக்கிறார்.

"அம்மா, வண்டியும் போச்சு. உனக்கும் முட்டி போச்சு. குத்தகையை விட்டுடலாம். நான் நிலக்காரருக்குப் போன் பண்ணிச் சொல்லிடறேன்."

"யாரைக் கேட்டு விடறது? அது நாப்பத்தோரு வருஷமா நான் வெட்டின மண்ணு."

"வண்டி இல்லாம எப்படி உழுவ?"

"எஞ்சினு மாத்துவேன்."

"எப்ப?"

அந்த 'எப்ப'தான் என்னைச் சீண்டிவிட்டது. மருமகள் முன்னால், பேத்தி முன்னால் சொன்னேன். "சித்திரை முடியறதுக்குள்ள கன்னு மண்ணுக்குள்ள போகலைன்னா, மோட்டார் கொட்டகைச் சாவியை நானே உன் கையில குடுத்துடறேன். அப்புறம் நீ யாருக்கு வேணா போன் பண்ணு."

சொன்ன பிறகுதான் நாளை எண்ணிப் பார்த்தேன். ஆனாலும் சொன்னது சொன்னதுதான்.

பழைய வண்டிக்கு அதே எஞ்சின் எங்கேயும் கிடைக்கவில்லை. மெக்கானிக் மருங்காபுரிப் பக்கம் போய் ஓர் எஞ்சின் பார்த்துவிட்டு வந்தார். கிணறு வற்றிப்போன ஒரு தோட்டத்தில் தண்ணீர் இறைத்த எஞ்சின், சும்மா சாக்குப் போட்டு மூடிக் கிடந்ததாம். கைப்பிடி போட்டுச் சுற்றிக் கிளப்புகிற வகை. "உள்ள கண்ணாடி மாதிரி இருக்குக்கா. உங்க வண்டிக்குத்தான் பொறந்திருக்கு" என்றார். சித்திரை எட்டாம் தேதி வண்டி ஓடும் என்றும் சொன்னார். அதை நம்பி நான் தொட்டியத்தில் எழுநூறு பூவன் வாழைக்கன்றுக்குச் சொல்லிவிட்டேன்.

கன்று பத்தாம் தேதி குட்டியானை வேனில் வந்து இறங்கியது. எஞ்சினும் அதே பத்தாம் தேதிதான் பட்டறைக்கு வந்து சேர்ந்தது.

வெட்டிய வாழைக்கன்று நிழலில் ஒரு வாரம் தாங்கும், தண்ணீர் தெளித்தால் பத்து நாள் தாங்கும். அதற்கு மேல் கிழங்கு சுருங்க ஆரம்பிக்கும். தென்னை ஓலையைப் போட்டு மூடி வைத்தேன். தினமும் காலையில் ஓலையைத் தூக்கிக் கிழங்கில் நகத்தை வைத்து அழுத்துவேன். சாறு வந்தால் நிம்மதி. பிறகு நடையாக நடந்து பட்டறைக்குப் போவேன். அவர் இரும்புப் பட்டையை அறுத்துக்கொண்டிருப்பார், ஓட்டை போட்டுக்கொண்டிருப்பார்.

"என்னிக்குத் தம்பி?"

"நெருங்கிட்டோம்க்கா."

பதினாலாம் தேதியும் நெருங்கித்தான் இருந்தார், பதினாறாம் தேதியும் நெருங்கித்தான் இருந்தார். பதினேழாம் தேதி கிழங்கு நகத்துக்கு ரப்பர் மாதிரி வளைந்து கொடுத்தது. அன்றைக்கு நான் அவர் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை, எஞ்சினைப் பார்த்துப் பேசினேன்.

பதினெட்டாம் தேதி காலையில் ஆள் அனுப்பினார். போனேன். எஞ்சின் வண்டியில் ஏறி, எல்லா நட்டிலும் சிவப்புப் பொட்டோடு கல்யாணப் பெண் மாதிரி உட்கார்ந்திருந்தது. எதிர்ச் சாரி டீக்கடைக்காரரும் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார். மெக்கானிக் கைப்பிடியைப் போட்டு நாலு சுற்றுச் சுற்றினார். எஞ்சின் பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது, பொய் சொல்லவில்லை. மருமகள் ஏறி உட்கார்ந்தாள். முதல் கியர் போட்டு க்ளட்ச்சை விட்டாள்.

வண்டி பின்னால் வந்தது.

நிறுத்தினாள். இரண்டாம் கியர் போட்டாள். இன்னும் வேகமாகப் பின்னால் வந்தது. மூன்றாம் கியர் போட்டிருந்தால் பட்டறைச் சுவர் இருந்திருக்காது. கடைசியில் ரிவர்ஸ் கியரைப் போட்டாள். வண்டி மெதுவாக, மரியாதையாக, முன்னால் போயிற்று.

டீக்கடைக்காரர்தான் முதலில் வாயைத் திறந்தார். "மெக்கானிக்கு, இந்த வண்டியில திருச்சிக்குப் போகணும்னா சமயபுரத்தைப் பாத்து உக்காரணும் போல."

நடந்தது இதுதான். நேராக வைத்தால் கைப்பிடி சுற்றுகிற பக்கத்தில் ஸ்டியரிங் கம்பி இடித்திருக்கிறது. அதனால் எஞ்சினை முன்பக்கம் பின்பக்கமாகத் திருப்பி வைத்து முடுக்கிவிட்டார். திருப்பி வைத்தால் அது சுற்றுகிற திசையும் வண்டிக்குத் திரும்பிவிடும் என்பதை அந்த அவசரத்தில் யோசிக்கவில்லை. கிணற்றடியில் தண்ணீர் இறைத்த எஞ்சினுக்கு முன்னால் பின்னால் என்று ஏது. வண்டிக்கு உண்டே.

"திருப்பி வச்சிருங்க தம்பி. ஒரு நாள் வேலைதானே" என்றேன்.

"கைப்பிடி இடிக்கும்க்கா."

"இடிக்காம ஒரு வழி பண்ணுங்க."

"பண்ணித்தான் திருப்பி வச்சிருக்கேன்."

ஓலைக்கு அடியில் எழுநூறு உயிர் வாடிக்கொண்டிருக்கிறது. எனக்கு உச்சந்தலையில் சுரீரென்றது. அப்போது பழைய ஞாபகம் ஒன்று வந்தது. கல்யாணத்துக்கு முன்னால் நான் லால்குடிப் பக்கம் ஒரு ரைஸ் மில்லில் நெல் அள்ளியவள். அங்கே ஒரு மிஷினை மறுபக்கம் சுற்ற வைக்க பெல்ட்டை எட்டு மாதிரி குறுக்கே மாற்றிப் போடுவார்கள்.

"பெல்ட்டக் குறுக்க போடுங்க. திரும்பிச் சுத்தும்."

அவர் பெல்ட்டை விரலால் தட்டிக் காட்டினார். "அது பட்டை பெல்ட்டுக்கா. இது வி பெல்ட்டு. குறுக்க போட்டா ஒண்ணோட ஒண்ணு உரசி அறுந்துரும்."

"நான் கண்ணால பார்த்தவ. போடுங்கன்னா போடுங்க."

போட்டார். எஞ்சினைக் கழற்ற மாட்டாரே தவிர பெல்ட்டை மாற்றுவது அவருக்குக் கணக்கில் சேராது. மருமகள் முதல் கியர் போட்டாள், வண்டி முன்னால் போயிற்று. நான் டீக்கடைக்காரரை ஒரு பார்வை பார்த்தேன். வண்டி கொள்ளிடக் கரை வரைக்கும் போகவில்லை. ரப்பர் கருகுகிற நாற்றம், பிறகு புகை, பிறகு சாட்டை அடித்த மாதிரி ஒரு சத்தம். பெல்ட் அறுந்து சாலையில் கிடந்தது.

அவர் போய் அதைப் பொறுக்கிக்கொண்டு வந்தார். ஆணியில் மாட்டினார். "நான்தான் சொன்னேனே" என்று ஒரு வார்த்தை வரவில்லை. அந்த மனிதரிடம் அது ஒன்று. தன் தப்பையும் சொல்ல மாட்டார், அடுத்தவர் தப்பையும் சொல்ல மாட்டார். நானும் அதைப் பற்றிப் பேசவில்லை. பேசியிருக்கலாம். அவரிடம் எதை எதிர்பார்த்தேனோ அதை நான் மட்டும் செய்தேனா?

புது பெல்ட் வாங்கி வந்து நேராகப் போட ஒரு நாள் ஆயிற்று. கன்று ஒன்பது நாளைத் தாண்டிவிட்டது. மறு நாள் ஞாயிற்றுக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை அவர் ஆணியைக்கூடத் தொட மாட்டார். நான் விடிந்ததிலிருந்து கன்றுகளுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டு, யாரைத் திட்டுகிறேன் என்று தெரியாமல் திட்டிக்கொண்டிருந்தேன். எட்டு மணி இருக்கும். வரப்பில் வண்டிச் சத்தம் கேட்டது. பூசைக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடு மெக்கானிக் தானே ஓட்டிக்கொண்டு வருகிறார். நடந்தே வந்திருந்தால் இதற்கு முன்னால் வந்திருக்கலாம், அவ்வளவு மெதுவாக.

"எங்கக்கா ஆரம்பிக்கணும்?"

"எதுல ஆரம்பிக்கப் போறீங்க?"

"ரிவர்ஸ்ல. மொத்தம் எவ்ளோ, முக்கா ஏக்கர்தானே?"

மருமகள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தாள். "நீங்க இறங்குங்கண்ணே, நான் ஓட்டறேன்."

"வேணாம்மா. நீ தள்ளி நில்லு."

"ஏன், நான் ஓட்ட மாட்டனா? நாலு வருஷமா ஓட்டறேன்."

"தள்ளி நில்லும்மா."

அவளுக்கு முகம் சுண்டிவிட்டது. வண்டியைக் கெடுத்ததும் இவர், என்னை நம்பாததும் இவரா என்று என்னிடம் முணுமுணுத்தாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

சட்டையைக் கழற்றிப் பக்கத்துத் தோட்டத்து வாழைத் தண்டில் மாட்டினார். கலப்பையை இறக்கினார். உழவு ஆரம்பித்தது. அதை உழவு என்று சொல்வதா என்ன சொல்வதென்று தெரியவில்லை. எஞ்சின் உயிர் போகிற மாதிரி கத்துகிறது, வண்டி கிழட்டு எருமை மாதிரி நகர்கிறது. இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போவதற்குள் நான் ஒரு வெற்றிலையை மென்று துப்பிவிடுவேன். திரும்புவதற்கு முதல் கியரைப் போட்டுப் பின்னால் வருவார், அது மட்டும் சர்ரென்று வரும். பக்கத்துத் தோட்டக்காரர்கள் வரப்பில் உட்கார்ந்து பார்த்தார்கள். ஒருவர் மூக்குப்பொடி போட்டுக்கொண்டு சொன்னார், "அக்கா, இவரு உழுது முடிக்கறதுக்குள்ள இந்தப் பக்கம் உழுததுல புல்லு முளைச்சிரும்."

சித்திரை வெயில். மத்தியானம் இலை போட்டுச் சோறு வைத்தேன். ரசத்தை ஊற்றிக்கொண்டே கேட்டுவிட்டேன்.

"நாலு நட்டக் கழட்டி வச்சிருந்தா இந்நேரம் உழுது முடிச்சு வீட்டுல படுத்திருக்கலாம். அதைக் கழட்டினா என்ன ஆயிரும் தம்பி?"

தண்ணீரைக் குடித்தார். இலையை மடித்தார்.

"ஒண்ணக் கழட்டினா எல்லாத்தையும் கழட்டச் சொல்லுவாங்கக்கா."

"யாரு சொல்லுவா?"

"எல்லாரும்."

எழுந்து போய்விட்டார். வேலை கொடுக்கிறவர்களைச் சொல்கிறார் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன், அவர் பையன் ஞாபகம் வரவில்லை.

ஞாயிறு, திங்கள், செவ்வாய். மூன்று நாள் உழுதார். உழுத இடத்தில் பின்னாலேயே ஆளை விட்டுக் குழி வெட்டினோம். திங்கட்கிழமை இரண்டு சாக்கை நனைத்துக் கொண்டு வந்து காலில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தார். வெயிலுக்கு என்று நினைத்தேன். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கடைசிச் சால் முடிந்தது. இறங்கி மோட்டார்த் தொட்டிக்குப் போய்ச் சாக்கை அவிழ்த்துக் காலைத் தண்ணீரில் விட்டார். நான் அப்போதுதான் பார்த்தேன். முட்டிக்குக் கீழே இரண்டு கெண்டைக் காலும் வெந்து, கொப்புளம் கொப்புளமாக இருந்தது.

எஞ்சினைத் திருப்பி வைத்ததில் அதன் விசிறி ஊதுகிற அனல் முழுக்க ஓட்டுகிறவர் காலில் வந்து அடித்திருக்கிறது. பட்டறையிலிருந்து தோட்டம் வரைக்கும் ஓட்டி வந்தபோதே அவருக்கு அது தெரிந்துவிட்டது. அதனால்தான் மருமகளைத் தள்ளி நிற்கச் சொன்னார். அவள் அதைப் பார்த்துவிட்டு வாழைக்குள் போனாள். நல்ல குருத்து இலை ஒன்றை நறுக்கி எடுத்து வந்து நீட்டினாள். தீப்பட்ட இடத்துக்கு எங்கள் பக்கம் வாழைக் குருத்துதான் மருந்து. அவர் அதை வாங்கிக் காலில் சுற்றிக்கொண்டார்.

எனக்கு அழுகை வரவில்லை. பற்றிக்கொண்டுதான் வந்தது. "இது யாருக்காகத் தம்பி? எனக்காகவா, அந்தச் செவப்புப் பொட்டுக்காகவா?"

அவர் நிமிராமலே சொன்னார். "அடுத்த தரம் எஞ்சினை இறக்கும்போது பாத்துக்கலாம்க்கா."

தப்பை ஒத்துக்கொள்கிற பக்கமாக அவர் அவ்வளவு தூரம் வந்து நான் கேட்டது அந்த ஒரு தரம்தான்.

சித்திரை இருபத்தேழாம் தேதி கடைசிக் கன்று குழிக்குள் போயிற்று. மறு நாள் மூத்தவன் வந்தான். வரிசை வரிசையாக நடந்து பார்த்தான்.

"எத்தனைம்மா தேறாது?"

"அறுபது எழுபது போகும்."

குனிந்து ஒரு கன்றைத் தொட்டுப் பார்த்தான். சாவியைப் பற்றிக் கேட்கவில்லை, நானும் அதை இடுப்பிலிருந்து எடுக்கவில்லை. நிலம் என்னிடம் நின்றது. போன பங்குனியில் தார் வெட்டினோம், நல்ல தார். ஆனால் வெட்டுவதற்கு முந்தின மாசம் மெக்கானிக் போய்விட்டார். நெஞ்சுவலி. மகன் வந்து எல்லாம் முறையாகச் செய்தான், வீட்டிலிருந்துதான் எடுத்தார்கள். அந்தப் பட்டறை இன்றைக்கும் பூட்டிக் கிடக்கிறது. பையன் அம்மாவைப் பார்க்க மாசா மாசம் வருகிறான், சாலையில் நின்று பட்டறையைப் பார்த்துவிட்டுப் போகிறான். படி ஏறாதே என்ற வார்த்தையை எடுக்க வேண்டியவர் எடுக்காமல் போய்விட்டார். அதை இப்போது யார் எடுப்பது?

இந்தச் சித்திரையில் மறு நடவு. நடுவில் ஒரு வருஷம் இடை உழவுக்கு மருமகள் அவள் புருஷனுடைய தடித்த பேன்ட்டைப் போட்டுக்கொண்டு ஓட்டிச் சமாளித்தாள். இனி வேண்டாம் என்று சத்திரம் பேருந்து நிலையத்துப் பக்கத்திலிருந்து ஒரு மெக்கானிக்கை வரவழைத்தேன். முப்பது வயதுகூட இருக்காது. பைக்கில் ஒரு பையையும் சின்ன வெல்டிங் மிஷினையும் கட்டிக்கொண்டு வந்தார். சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"யாரும்மா இதை இப்படி மாட்டினது? வெவரம் தெரியாத ஆளு."

"வேலையைப் பாருங்க" என்றேன். என் குரல் எனக்கே கடுப்பாகக் கேட்டது.

கைப்பிடியை நடுவில் அறுத்து ஒரு சாண் குறைத்துப் பற்ற வைத்தார். கம்பியில் இடிக்கவில்லை. எஞ்சினைத் தூக்கி, திருப்பி வைத்து, முடுக்கினார். காலையில் ஒன்பது மணிக்கு ஆரம்பித்தவர் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் கை கழுவிவிட்டார். மருமகள் முதல் கியர் போட்டாள், வண்டி முன்னால் போயிற்று. சாயங்காலத்துக்குள் முக்கால் ஏக்கரையும் உழுதுவிட்டு இறங்கி முகம் கழுவிக்கொண்டாள்.

அரை நாள். நான் ஒரு நாள் என்று கெஞ்சினேனே, அதில் பாதி. அந்த அரை நாளுக்காக அந்த மனிதர் மூன்று நாள் தன் கால்களை வேக வைத்துக்கொண்டார். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை எனக்கு. எல்லாரும் எஞ்சின் சரியாகிவிட்டது என்று சந்தோஷப்படுகிறார்கள். எனக்கு மட்டும் அந்தப் பட்டறைக் கதவைப் போய்த் தட்டி, "அரை நாள்தான் தம்பி, பாத்தீங்களா" என்று கேட்க வேண்டும்போல் இருந்தது. கேட்டிருந்தாலும் கண்ணாடி நூலைச் சரி செய்துகொண்டு ஏதாவது ஒரு பதில் வைத்திருப்பார். அதையாவது கேட்டிருக்கலாம்.

போதும் கயல், பேனாவை வை. இப்போது முதலிலிருந்து எனக்குப் படித்துக் காட்டு. நான் அவரைத் திட்டுகிற இடம் வந்தால் முழுங்காமல் சத்தமாகப் படி.